பாய்ப்படகில் கடைசி நாள் துறை திரும்புதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாய்ப்படகில் சில நாள் விடுமுறை கழிக்கப் போகிறவர்கள் கிளம்பும் நாளைப் பற்றி நிறையக் கேட்பார்கள். திரும்பும் நாளைப் பற்றிய சந்தேகங்கள் பெரும்பாலும் அதற்கு முந்தைய இரவு, நங்கூரம் போட்டு உட்கார்ந்த பிறகுதான் எழும். பாதி விஷயத்துக்கு அதற்குள் நேரம் கடந்திருக்கும். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன். 30 முதல் 45 அடி நீளமுள்ள, பாயும் டீசல் மோட்டாரும் கொண்ட படகை மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை. வேகமெல்லாம் நாட் கணக்கில் இருக்கும். ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். கீழே மைல் என்று வருவதெல்லாம் கடல் மைல்தான்.

1. போன வழியிலேயே திரும்பி வரப்போறோம். இதுக்கு எதுக்குத் தனித் திட்டம்?

வழி அதுதான், நாள் வேறு. மற்ற நாட்களில் காற்று சரியில்லை என்றால் அதே குடாவில் இன்னொரு இரவு தங்கலாம், பக்கத்துத் துறைக்குப் போகலாம். கடைசி நாளில் மட்டும் போக வேண்டிய இடமும் நேரமும் முன்பே முடிவாகிவிட்டன. படகை ஒப்படைக்க வேண்டும், விமானம் பிடிக்க வேண்டும், மறுநாள் வேலைக்குப் போக வேண்டும். சாதாரண நாளில் "இன்னிக்கு வேண்டாம்" என்று சொல்லியிருக்கும் அதே ஆட்கள், அதே வானிலையில் கிளம்பிவிடுவது இந்த ஒரு நாளில்தான்.

அதனால் கடைசி நாளின் முடிவுகளை எவ்வளவு முன்னால் எடுக்க முடியுமோ அவ்வளவு முன்னால் எடுத்துவிடுவது நல்லது. அந்தப் பகுதியில் காற்று வழக்கமாக எந்தத் திசையிலிருந்து அடிக்கும் என்பதை முதல் நாளே பார்த்துவையுங்கள். திரும்பும் வழி எதிர்க்காற்றாக இருக்கும் என்றால், மொத்த நாட்களில் மூன்றில் ஒரு பங்குக்குள் தூர எல்லையைத் தொட்டுவிட்டு, மிச்ச நாட்களைத் திரும்புவதற்கு ஒதுக்குங்கள். பாதிக்குப் பாதி என்று பிரித்தால் கணக்கு உதைக்கும். ஏன் என்பதற்கு அடுத்த இரண்டு பதில்களைப் பாருங்கள்.

2. முப்பது மைல்தான். காலைல எத்தனை மணிக்குக் கிளம்பினா போதும்?

சராசரி வேகம் 5 நாட் என்று வைத்தால் 30 மைலுக்கு 6 மணி நேரம். இது காற்று பக்கத்திலிருந்தோ பின்னாலிருந்தோ வரும்போது. காற்று நேர் எதிரே இருந்தால் பாய்ப்படகு நேராகப் போக முடியாது. காற்றுக்குச் சுமார் 45 பாகை சாய்வாக ஒருபக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம் என்று வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். அப்போது 30 மைல் 42 மைலாகிவிடும். நேரம் எட்டரை மணியைத் தொடும். படகு காற்றின் போக்கில் சற்றுச் சறுக்கவும் செய்வதால் உண்மையில் இதைவிடக் கூடுதலாகத்தான் ஆகும்.

கிளம்பும் நேரத்தை முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரமாவது முன்னால் துறைக்குள் இருக்க வேண்டும் என்று வையுங்கள். அதிலிருந்து டீசல் நிரப்பும் வரிசைக்கு ஒரு மணி நேரத்தைக் கழியுங்கள். வாடகைப் படகுகள் எல்லாமே ஒரே மாலையில் திரும்புவதால் அந்த வரிசை நீளமாகத்தான் இருக்கும். பிறகு பயண நேரத்தையும், அதில் நான்கில் ஒரு பங்கைக் கூடுதலாகவும் கழியுங்கள். வரும் விடை "விடியற்காலை" என்றால் விடியற்காலைதான்.

3. போகும்போது இதே காத்துல ஜாலியா போனோம். திரும்பும்போது மட்டும் ஏன் இப்படி அடிக்குது?

காற்று மாறவில்லை, நீங்கள் போகும் திசை மாறியிருக்கிறது. 15 நாட் காற்று பின்னாலிருந்து வீச, படகு 6 நாட் வேகத்தில் அதே திசையில் ஓடினால், படகில் இருப்பவருக்கு 9 நாட்தான் படும். இதமாக இருக்கும். அதே 15 நாட்டுக்கு எதிராகச் சாய்வாக 5 நாட்டில் ஏறினால் முகத்தில் படுவது ஏறக்குறைய 19 நாட். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிப்படி கூடும் என்பதால், பாயின் மேல் விழும் விசை நான்கு மடங்குக்கும் மேல். அலையும் பின்னாலிருந்து தள்ளுவதற்குப் பதிலாக முன்னாலிருந்து மோதும். கிளம்பிய நாளின் இதமான காற்றை வைத்துத் திரும்பும் நாளை எடைபோடக் கூடாது.

4. நீரோட்டமெல்லாம் பெரிய கப்பல்காரங்க பார்க்கிற விஷயம்தானே?

நேர்மாறு. 20 நாட்டில் ஓடும் கப்பலுக்கு 2 நாட் ஓட்டம் பத்தில் ஒரு பங்கு. 5 நாட்டில் ஓடும் உங்களுக்கு அது பத்தில் நான்கு. 12 மைல் நீளமுள்ள ஒரு நீரிணையை ஓட்டத்தோடு கடந்தால் ஒன்றே முக்கால் மணி நேரம் போதும், எதிராகக் கடந்தால் 4 மணி நேரம். ஓதம் (கடல் மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) பலமாக உள்ள கடல்களில் கிளம்பும் நேரத்தைத் தீர்மானிப்பது கடிகாரம் அல்ல, ஓத அட்டவணை.

இதில் வாரக் கணக்கு ஒன்று உண்டு, பலரும் கவனிப்பதில்லை. நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் கடல்களில் ஓதம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் அது ஏறக்குறைய 6 மணி நேரமாகிவிடும். ஆகவே முதல் நாள் காலை 9 மணிக்கு உங்களை வெளியே இழுத்துச் சென்ற ஓட்டம், ஒரு வாரம் கழித்து அதே 9 மணிக்கு உள்நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். நல்லதாகப் போயிற்று. ஆனால் பயணம் இரண்டு வாரம் என்றால் அது மறுபடியும் பழைய நிலைக்கே வந்துவிடும். அதே 9 மணிக்குக் கிளம்பினால் முழு ஓட்டத்தையும் எதிர்த்துத்தான் போக வேண்டும்.

காற்று ஒரு பக்கமும் ஓட்டம் எதிர்ப் பக்கமும் இருந்தால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். முனைகளைச் சுற்றும் இடத்தில் இது இன்னும் மோசம். ஓட்டம் சாதகமாக இருக்கும் நேரத்தில்தான் காற்றுக்கு எதிராக அது ஓடும் என்றால், முனையை மட்டும் ஓட்டம் தணிந்து திரும்பும் அரை மணி நேரத்தில் கடக்கும்படி திட்டமிடுங்கள்.

5. கடைசி ராத்திரி எங்கே தங்கறது? அழகான குடா ஒண்ணு இருக்கு, ஆனா தூரம்.

அழகான குடாவை முந்தின இரவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கடைசி இரவின் இடத்துக்கு இரண்டு தகுதிகள் போதும்: துறைக்கு 10 முதல் 15 மைலுக்குள் இருக்க வேண்டும், இருட்டில் எழுந்து கிளம்பினாலும் வெளியேறும் வழி எளிதாக இருக்க வேண்டும். உள்ளே வரும்போதே வெளியேறும் தடத்தை ஜி.பி.எஸ். கருவியில் பதிந்துவைத்தால் காலையில் அதே தடத்தில் வெளியேறலாம்.

கடைசி இரவு விருந்தும் மதுவும் வழக்கம்தான். யாரும் தடுக்கப்போவதில்லை. விடியற்காலை சுக்கான் பிடிக்கப்போகிறவர் யார் என்பதை மட்டும் விருந்துக்கு முன்பே முடிவுசெய்துவிடுங்கள்.

6. பையெல்லாம் வழியில கட்டிக்கலாமா? சும்மாதானே உட்கார்ந்திருப்போம்?

வேண்டாம். ஆடும் படகில் கேபினுக்குள் குனிந்து துணி மடிப்பதைப்போல் விரைவாகக் குமட்டலைக் கொண்டுவருவது வேறு எதுவும் இல்லை. முந்தின மாலையே கட்டிவிடுங்கள். கட்டிய பைகளைத் தரையில் விடாமல் படுக்கைகளில், சரியாதபடி அடைத்துவையுங்கள். மழைச் சட்டை, பாதுகாப்பு வார், லைஃப் ஜாக்கெட், டார்ச், கம்பளிச் சட்டை ஆகியவை பைக்குள் போகக் கூடாது. பையின் அடியில் போன மழைச் சட்டையைத் தேடி ஆள் கீழே இறங்குவது, சரியாக மழை வரும்போதுதான் நடக்கும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எல்லோரும் கீழே மூட்டை கட்டும்போது மேலே ஒருவர்தான் இருப்பார், ஆட்டோபைலட் ஓட்டிக்கொண்டிருக்கும். துறையை நெருங்க நெருங்கப் படகுகள் கூடும். சாய்ந்த முன்பாய்க்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று காக்பிட்டிலிருந்து, அதாவது சுக்கான் பிடிக்கும் இடத்திலிருந்து, பார்த்தால் தெரியாது. சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 5-ஆம் விதி எந்நேரமும் சரியான கண்காணிப்பு வேண்டும் என்கிறது. வீட்டுக்குப் போகும் நாளுக்கு அதில் விலக்கு இல்லை.

7. ஒரு வாரமா எனக்கு வாந்தி வரலை. இனிமே வராதுதானே?

வரலாம். உடல் ஆட்டத்துக்குப் பழகுவது உண்மை. ஆனால் கடைசி இரண்டு மூன்று நாட்கள் அமைதியான குடாக்களில் கழிந்திருந்தால் அந்தப் பழக்கம் விட்டுப்போகத் தொடங்கியிருக்கும். போன நாட்களில் பின்காற்றில் ஓடி, இன்று எதிர்க்காற்றில் ஏறுகிறீர்கள் என்றால் (3-ஆம் கேள்வி) ஆட்டமே வேறு. மாத்திரை போடுபவர்கள் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும், குமட்டல் தொடங்கிய பின் போட்டால் பெரும்பாலும் பலன் இருக்காது. சிலவகை மாத்திரை தூக்கம் தரும். அதைப் போட்டவரிடம் சுக்கானைக் கொடுக்காதீர்கள். போடாதவருக்குக் குமட்டல் தொடங்கினால் சுக்கானைக் கொடுப்பதே நல்ல வைத்தியம். கண் தொடுவானத்தில் நிற்கும், கைக்கும் வேலை இருக்கும்.

இறங்கிய பின் தரை ஆடுவதுபோல் தோன்றுவதும் இதோடு சேர்ந்ததே. பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் அடங்கிவிடும். வாரக் கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

8. காத்து இல்லைன்னா மோட்டார் போட்டு வந்துடலாமே?

வரலாம். வெயில் நாட்களில் கடற்காற்று முற்பகலில் எழுந்து பிற்பகலில் உச்சத்துக்குப் போய் மாலையில் அடங்கும். காலை அமைதியில் மோட்டாரில் பாதித் தூரத்தைக் கடந்துவிடுவது கடைசி நாளுக்கு ஏற்ற தந்திரம். பாயில்தான் போவேன் என்று பிற்பகல் காற்றுக்குக் காத்திருந்தால் அந்தக் காற்று எதிரேயும் வரக்கூடும்.

ஒன்றை மறக்காதீர்கள். பாய் விரித்திருந்தாலும் மோட்டார் படகைத் தள்ளிக்கொண்டிருந்தால் விதிகளின்படி நீங்கள் மோட்டார் படகு. வெறும் பாயில் வருபவருக்கு நீங்கள்தான் வழிவிட வேண்டும். பகலில் கூர்முனை கீழே இருக்கும்படி ஒரு கருப்புக் கூம்பை முன்பக்கம் தொங்கவிட வேண்டும் என்பதும் விதி. பெரும்பாலான படகுகளில் அது பெட்டிக்குள்ளேயே தூங்கும். இருட்டினால் பாய்மர உச்சியில் உள்ள மூவண்ண விளக்கை அணைத்துவிட்டு, கீழே உள்ள பக்க விளக்குகளையும் பின் விளக்கையும் மோட்டாருக்கான வெள்ளை விளக்கையும் போடுங்கள்.

9. டீசல் கால் டேங்க் இருக்கு. கணக்குப்படி தாராளமா போதும். எதுக்குப் பயப்படணும்?

கணக்கு அமைதியான நீருக்கானது. தொட்டியின் அடியில் காலப்போக்கில் தண்ணீரும் கசடும் படியும். நிறைய டீசல் இருக்கும்வரை அது அடியிலேயே கிடக்கும். கால் பங்குக்குக் கீழே போய், படகும் குலுங்கினால், கசடு கலங்கி வடிகட்டியை அடைக்கும். சாய்ந்த நேரத்தில் உறிஞ்சுகுழாய் காற்றை இழுத்தாலும் மோட்டார் நின்றுவிடும். பிறகு குழாயிலிருந்து காற்றை வெளியேற்றினால்தான் மீண்டும் ஓடும். இந்த இரண்டும் நிகழத் தோதான நாள் கடைசி நாள்தான், ஏனென்றால் அன்றுதான் தொட்டி காலியாக இருக்கும். வழியில் ஒருமுறை நிரப்பிக்கொள்ளுங்கள். உபரி வடிகட்டி எங்கே இருக்கிறது, அதை எப்படி மாற்றுவது என்பதைக் கரையில் நிற்கும்போதே பார்த்துவையுங்கள்.

10. சீக்கிரம் போகணும்னு பார்க்கிறோம். இப்போ போய் பாயைச் சுருக்கினா வேகம் குறையாதா?

பெரும்பாலும் குறையாது. அளவுக்கு மீறிய பாயோடு படகு ஒருபக்கமாகப் படுத்துக்கொண்டு ஓடினால் சுக்கான் பாதி நேரம் பிரேக்காகத்தான் வேலைசெய்யும். சுருக்கியதும் படகு நிமிர்ந்து அதே வேகத்திலோ கூடுதலாகவோ போகும். ஆட்களும் களைக்கமாட்டார்கள். முன்னறிவிப்பு பலமான காற்றைச் சொன்னால் கட்டியிருக்கும்போதே ஒரு மடிப்புச் சுருக்கிவிட்டுக் கிளம்புங்கள். தேவையில்லை என்றால் அவிழ்ப்பது எளிது.

பின்காற்றில் வருகிறவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். களைத்த கை சுக்கானைச் சற்றே தளர்த்தினால், பெரிய பாயின் அடியில் படுக்கையாக நீளும் கிடைமரம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒரே வீச்சில் பறந்து வரும். தலையில் பட்டால் உயிரே போகலாம். அதை முன்பக்கமாகக் கயிறு போட்டு இழுத்துக் கட்டிவையுங்கள், சுக்கான் பிடிப்பவரை மணிக்கொருமுறை மாற்றுங்கள்.

11. துறைமுகம் கண்ணுக்கே தெரியுது. இன்னும் எதுக்கு லைஃப் ஜாக்கெட்?

ஆட்கள் மேல்தளத்தில் அங்குமிங்கும் நடப்பது இப்போதுதான். பாயை இறக்க ஒருவர், ஃபெண்டர் (படகு துறையில் இடிக்காமலிருக்கப் பக்கவாட்டில் தொங்கவிடும் மெத்தை) கட்ட ஒருவர், கயிறு எடுக்க ஒருவர் என்று ஓரத்தில் குனிந்து நிற்பார்கள். கட்டி முடிக்கும்வரை கழற்றாதீர்கள்.

நுழைவாயிலுக்கு அரை மணி நேரம் முன்பே மோட்டாரைக் கிளப்பிப் பாருங்கள். அதற்கு முன் எந்தக் கயிறும் தண்ணீரில் தொங்கவில்லை என்று சுற்றிப் பார்த்துவிடுங்கள். நீருக்கடியில் படகைத் தள்ளும் விசிறியில் கயிறு சுற்றினால் மோட்டார் இருந்தும் இல்லாததுபோல்தான். பெரிய பாயை இறக்கினாலும் உடனே விரிக்க முடிகிற நிலையிலும், நங்கூரத்தைக் கைக்கெட்டும் நிலையிலும் வையுங்கள். ஃபெண்டரும் கயிறும் இரண்டு பக்கமும் வெளியிலேயே தயாராகட்டும். எந்தப் பக்கம் கட்டச் சொல்வார்கள் என்பது கடைசி நிமிடத்தில் மாறலாம்.

கட்டுமிடத்தை முடிந்தவரை காற்றை அல்லது ஓட்டத்தை எதிர்கொண்டு நெருங்குங்கள், எது பலமோ அதை. அணுகுவது சரியாக வரவில்லை என்று தோன்றினால் வெளியே வந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி வாருங்கள். துறையில் நிற்பவர்கள் பார்ப்பார்கள்தான், பார்க்கட்டும். யாரும் கரைக்குத் தாவக் கூடாது. படகுக்கும் துறைக்கும் இடையில் கையோ காலோ கொடுத்துத் தள்ளவும் கூடாது. பல டன் எடையைக் கால் நிறுத்தாது. அதற்குத்தான் ஃபெண்டர்.

12. லேட்டாயிடுச்சு, இருட்டிடுச்சு. பழகின துறைதானே, நுழைஞ்சிடலாமா?

பழகியது பகலில். இரவில் கரையோர நகரத்தின் விளக்குகளுக்குள் துறையின் சிவப்பும் பச்சையும் கரைந்துவிடும். மீன் வலைகளின் மிதவைகள் தெரியாது. நுழைவாயில் வெளிச்சமாக, ஆழமாக, காற்றுக்கு மறைவாக இருந்தால், மெதுவாக, ஒருவர் முன்பக்கத்தில் நின்று டார்ச்சோடு பார்க்க, நுழையலாம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வெளியே பாதுகாப்பான இடத்தில் நங்கூரம் போட்டுவிட்டுக் காலையில் நுழைவதே மேல். துறைக்குப் படகின் வயர்லெஸ் ரேடியோவில் சொல்லிவிட்டால் போதும்.

13. வாடகைப் படகு. நங்கூரம் இழுக்கும்போது லேசா கீறிடுச்சு. சொல்லணுமா, சும்மா விட்டுடலாமா?

சொல்லுங்கள். ஒப்படைக்கும்போது பல இடங்களில் நீரில் இறங்கி அடிப்பகுதியையும் பார்ப்பார்கள். நடந்த அன்றே படம் எடுத்து, நேரத்தோடு பயணக் குறிப்பேட்டில் எழுதியிருந்தால் பேச்சு எளிதாக முடியும். அடி தரையில் தட்டியதை மறைப்பது மட்டும் கூடவே கூடாது. படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் அடிக்கட்டை படகோடு சேரும் இடத்தில் விரிசல் இருந்தால், அடுத்த வாரம் அதில் போகிறவர்களின் உயிர் விஷயம் அது.

14. வேறொரு நாட்டுத் தீவுல தங்கிட்டு வர்றோம். நேரா நம்ம துறையில கட்டிட்டு இறங்கிடலாமா?

பொதுவாகக் கூடாது. நாட்டின் கடல் எல்லைக்குள் வந்ததும் நுழைவு அனுமதிக்குக் காத்திருப்பதைக் காட்டும் மஞ்சள் நிறக் கியூ கொடியை ஏற்றி, அனுமதிக்கப்பட்ட நுழைவுத் துறையில் கேப்டன் பதிவுசெய்த பிறகே மற்றவர்கள் இறங்கலாம். விதி நாட்டுக்கு நாடு மாறும், கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். இதற்கு ஆகும் நேரத்தையும் 2-ஆம் கேள்வியின் கணக்கில் சேருங்கள்.

15. ஆறு, சில நேரம் ஏழுன்னு முன்னறிவிப்பு சொல்லுது. மறுநாள் காலைல விமானம். போகலாமா, வேண்டாமா?

காற்றின் பலத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 6 என்றால் 22 முதல் 27 நாட், 7 என்றால் 28 முதல் 33. இவை சராசரி. இடையிடையே வரும் வீச்சு சராசரியைவிட 40 சதவீதம் வரை கூடலாம். அலை உயரமும் அப்படித்தான்: 2 மீட்டர் என்று சொன்னால் அது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி, தனி அலை ஒன்று அதைப்போல் இருமடங்கு வரை எழலாம். எண்ணைவிடத் திசை முக்கியம். கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் 6-இல் கரையோரமாகவே வருவது ஒன்று, திறந்த கடலில் எதிரே வரும் 6-இல் எட்டு மணி நேரம் ஏறுவது வேறொன்று. படகு தாங்கும். ஆட்களில் மிகவும் பலவீனமானவர் தாங்குவாரா என்பதை வைத்து முடிவெடுங்கள்.

விமானத்தை இந்தக் கணக்கில் சேர்க்காமல் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். அது இல்லாவிட்டால் இன்று கிளம்புவீர்களா? "மாட்டோம்" என்பது விடையானால், மிச்சமிருப்பது போக்குவரத்துச் சிக்கல்தான், அதற்குக் கரையில் வழி உண்டு. அவசரமாகப் போக வேண்டியவர்கள் பயணிகள் கப்பலிலோ சாலை வழியாகவோ போகட்டும். ஓட்டத் தெரிந்த இருவர் தங்கி, காற்று அடங்கியதும் படகைக் கொண்டுவரட்டும். சொந்தப் படகு என்றால் அங்கேயே பத்திரமாகக் கட்டிவிட்டு அடுத்த வாரம் வரலாம். வாடகைப் படகு என்றால் நிறுவனத்தை உடனே அழையுங்கள். தாமதத்துக்கு ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்பதை முதல் நாளே படித்திருப்பது நல்லது. முன்னறிவிப்பு இரண்டு நாள் முன்பே இப்படிச் சொல்லத் தொடங்கியிருந்தால் ஒரு நாள் முன்னதாகவே திரும்பிவிடுவதுதான் இவை எல்லாவற்றையும்விட மலிவு.

16. கேப்டன் போகலாம்கிறார். எனக்குப் பயமா இருக்கு. புதுசா வந்தவ நான் எப்படிச் சொல்றது?

"பயமா இருக்கு" என்பதோடு நிறுத்தாமல் கேள்வியாகக் கேளுங்கள். வழியில் ஒதுங்க எந்தெந்தத் துறைகள் இருக்கின்றன, எந்த இடத்தைத் தாண்டினால் திரும்ப முடியாது, மோட்டார் நின்றால் என்ன செய்வோம். நல்ல கேப்டனிடம் இதற்கெல்லாம் பதில் தயாராக இருக்கும், கேட்டதும் உங்கள் பயமும் பாதியாகும். "பார்த்துக்கலாம்" என்பதே எல்லாவற்றுக்கும் பதில் என்றால் கரையிலேயே இறங்கிக்கொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது. கடலில் முடிவு அவருடையது. கயிறு அவிழ்க்கும்வரை முடிவு உங்களுடையதும்தான்.

17. பாதி வழியில மோசமாயிட்டா? திரும்பறதா, தொடர்ந்து போறதா?

காற்று எந்தப் பக்கம் என்பதே இதைத் தீர்மானிக்கிறது. எதிர்க்காற்றில் ஏறிக்கொண்டிருந்தால் திரும்புவது எளிது. முகப்பைத் திருப்பியதும் 3-ஆம் கேள்வியில் சொன்ன வித்தியாசம் இப்போது உங்களுக்குச் சாதகமாகிவிடும். அதனால் எதிர்க்காற்று நாளில் "ஒரு மணி நேரம் முயன்று பார்ப்போம்" என்று கிளம்புவதில் தப்பில்லை. பின்காற்றில் அப்படிச் சொல்ல முடியாது. பின்னாலிருந்து தள்ளும்போது காற்று கூடியதே தெரியாது, தெரியும்போது திரும்பினால் முழு வேகமும் முகத்தில் அறையும். பின்காற்று நாளில் முடிவைக் கரையிலேயே எடுத்துவிட வேண்டும். வழியில் ஒதுங்கும் துறை, காற்றின் மறைவில் நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். கரையை நோக்கி அலை உடையும் நுழைவாயில் ஒதுங்கும் இடமாகாது. அதைவிடக் கரையை விட்டு விலகிக் கடலில் நிற்பது பத்திரம்.

எங்கே ஒதுங்கினாலும், நீங்கள் வருவீர்கள் என்று காத்திருக்கும் ஆளுக்கு உடனே சொல்லுங்கள். கிளம்பும்போது ஒருவரிடம் வழியையும் வந்துசேரும் நேரத்தையும் சொல்லி, இன்ன மணி வரை தகவல் இல்லையென்றால் கடலோரக் காவல்படையை அழைக்கச் சொல்லியிருப்பீர்கள். நீங்கள் வேறொரு துறையில் சூடாக ஏதோ குடித்துக்கொண்டிருக்க, உங்களைத் தேடிப் படகுகளும் ஹெலிகாப்டரும் அதே மோசமான கடலுக்குள் கிளம்பக் கூடாது. வந்துசேர்ந்த பிறகு சொல்ல மறப்பதும் இதே வகைதான். கயிறு கட்டியதும் முதல் அழைப்பு அவருக்கு, டீசல் வரிசை அதற்கப்புறம்.